கண்ணா, காதா, நாக்கா? லத்தீன் வேர்களோடு ஒரு மழைக்காலம்

நவம்பர் 3, மாலை 6.40

ஆங்கிலேயனுக்கு அறிவு கண் வழியாக வந்திருக்கிறது, தமிழனுக்குக் காது வழியாக. இது என் கட்சி. மறுக்க விரும்புகிறவர்கள் மறுக்கலாம்.

கோத்தகிரியில் இரண்டு நாளாக மழை விடவில்லை. பள்ளிக்கூடம் லீவு. பேரன் வீட்டுப்பாட நோட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். ஒரே வேரிலிருந்து வந்த பத்து ஆங்கிலச் சொற்கள் எழுத வேண்டுமாம். லத்தீனில் 'விடேரே' என்றால் பார்ப்பது என்று அவன் புத்தகத்திலேயே இருந்தது. விஷன், வியூ, விசா மூன்றும் சுலபமாக வந்துவிட்டன. விசா என்றால் 'பார்க்கப்பட்டது'. அதிகாரி பார்த்துவிட்ட தாள். அப்புறம் அகராதியைப் புரட்டினால் வரிசையாக வருகிறது. எவிடன்ஸ், கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது. ப்ரொவைட், முன்கூட்டிப் பார்ப்பது. மழை வரும் என்று முன்னால் பார்த்தவன்தானே அரிசியும் விறகும் வாங்கிப் போடுவான். ப்ரூடன்ட் என்பது அதே சொல் தேய்ந்த வடிவம். அட்வைஸ், சர்வே, இன்டர்வியூ, சூப்பர்வைசர். பத்து ஆகிவிட்டது.

இந்தப் பக்கம் தமிழைப் பாருங்கள். கேள்வி என்றால் வினா, கேள்வி என்றால் காதால் பெற்ற கல்வி. பள்ளிப் படியை மிதிக்காதவரைக்கூடக் கேள்வி ஞானம் உள்ளவர் என்கிறோம். வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். பார்வைக்கு வைத்தாரா?

நவம்பர் 3, இரவு 10.15

'கண்ணோட்டம்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறதே என்று இதைப் படித்த ஒருவர் இடித்துவிட்டார். இருக்கிறது. அங்கே அந்தச் சொல்லுக்கு இரக்கம் என்று பொருள். அறிவுக் கணக்கில் வராது, விடுங்கள்.

ஆனால் என் கட்சியை நானே கவிழ்க்கிற ஒரு சொல் இப்போதுதான் ஞாபகம் வந்தது. கங்காணி. முப்பத்தொரு வருடம் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவனுக்கு இது முதலில் தோன்றியிருக்க வேண்டாமா? கங்காணி என்பது கண்காணி. கண்ணால் காண்கிறவர். சூப்பர்வைசரும் அதேதான்: 'சூப்பர்' மேலே, 'விடேரே' பார்ப்பது. மேலே நின்று பார்க்கிறவர். தோட்டத்தில் கங்காணிக்கு மேலே ஒரு சூப்பர்வைசர் இருப்பார். தமிழ்க் கண் ஒன்று, அதைப் பார்த்துக்கொள்ள லத்தீன் கண் ஒன்று. கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், கங்காணி என்ற சொல்லை ஆங்கிலமே கடன் வாங்கி அகராதியில் ஏற்றிக்கொண்டது. தன்னிடம் அச்சு அசலாக அதே பொருளில் ஒரு சொல் இருந்தும்.

நவம்பர் 4, காலை 11.00

காதுக்கு வருகிறேன். லத்தீனில் 'அவ்தீரே' என்றால் கேட்பது. ஆடியோ, ஆடியன்ஸ் எல்லோருக்கும் தெரியும். ஆடிட் என்பதும் இதிலிருந்துதான். இடைக்காலத்தில் கணக்கை ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர் உட்கார்ந்து கேட்பார். ஆடிட்டர் என்றால் கேட்பவர். எங்கள் ஃபேக்டரிக்கு வந்த ஆடிட்டர்கள் நாம் சொல்வதைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அது வேறு கதை.

இதைவிட நல்லது ஒன்று உண்டு. ஒபே, அதாவது கீழ்ப்படிவது. அதுவும் 'அவ்தீரே'யின் பிள்ளை. முன்னால் 'ஒப்' என்ற ஒட்டு சேர்ந்து, பிரெஞ்சு வழியாக வந்து உருத் தெரியாமல் போய்விட்டது. உள்ளே இருப்பது 'காது கொடுத்தல்'. நாம் என்ன சொல்கிறோம்? 'சொன்ன பேச்சைக் கேட்கிறானா பார்.' இதில் ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கவில்லை. பிள்ளைகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

ஆகவே நேற்றைய கட்சி பாதி போயிற்று.

நவம்பர் 5, இரவு 9.30

கண்டுபிடித்துவிட்டேன்! லத்தீனில் 'சபெரே' என்றால் சுவைப்பது. நம்மிடம் சப்பு, சப்புக்கொட்டுதல். ருசி இல்லாததை இன்சிபிட் என்பார்கள், அதே வேர். நாம் உப்புச்சப்பில்லாதது என்போம். சப், சப்! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நவம்பர் 6, காலை 7.10

மேலே இருப்பதை யாரும் நம்ப வேண்டாம். தூங்கி எழுந்ததும் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

ஒரு சொல் தற்செயலாக மாட்டுவதால் உறவு ஆகிவிடாது. சப் என்பது வாயில் எழும் ஓசை, எந்த மொழியிலும் முளைக்கும். உறவு என்றால் வரிசையாக மாட்ட வேண்டும். லத்தீனில் 'ப' வருகிற இடத்தில் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லில் 'ஃப' வரும்: அப்பனுக்கு அங்கே பாட்டர், இங்கே ஃபாதர்; மீனுக்குப் பிஸ்கிஸ், ஃபிஷ்; காலுக்குப் பேஸ், ஃபுட். ஒன்று இரண்டு இல்லை, வரிசை வரிசையாக. தமிழுக்கும் லத்தீனுக்கும் அப்படி ஒரு வரிசை கிடையாது.

உண்மையான உறவு காதுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. லத்தீன் 'விடேரே'க்கு வடமொழியில் உடன்பிறப்பு 'வித்', அறிதல். அதிலிருந்து வித்யா, வேதம். நமக்குக் கடனாக வந்த வித்தை, வித்துவான். அறிவைக் குறிக்கும் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களான வைஸ், விட் இரண்டும் அதே குடும்பம். அப்படியானால் கல்யாண மண்டபத்தில் நாதஸ்வர வித்துவானும் அவர் முகத்துக்கு நேரே லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வீடியோக்காரரும் பங்காளிகள். வீடியோ என்பது லத்தீனில் முழு வாக்கியம்: 'நான் பார்க்கிறேன்.'

சப்பும் சபெரேயும் பக்கத்து வீடு மாதிரி தெரிகிறது, சொந்தம் இல்லை. வித்துவானும் வீடியோவும் சொந்தம், ஆனால் பார்த்தால் தெரியாது.

நவம்பர் 8, பிற்பகல் 3.20

'உங்களுக்கு எதற்கு இந்த லத்தீன் பைத்தியம்' என்று குன்னூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

நான் டீ மேக்கர், ஃபேக்டரியில் கொழுந்தைத் தூளாக்கும் பக்குவம் பார்க்கிறவன். மூக்குதான் என் சோறு. இலை வாடியது போதுமா, புளித்தது போதுமா என்று கடிகாரம் சொல்வதற்கு முன் மூக்கு சொல்லிவிடும். பச்சைப் புல் வாசம் போய், பழ வாசம் லேசாக எழும். அந்த இடத்தில் டிரையருக்குள் தள்ள வேண்டும். பத்து நிமிடம் தாமதித்தால் போச்சு.

2021 மே மாதம் கொரோனாவில் மூக்கு போயிற்று. ஐந்து மாதம். உதவியாளர் பையனின் மூக்கை நம்பி வேலை பார்த்தேன். வீட்டில் சாம்பார் வெந்நீர், கோழிக்குழம்பு காரமான வெந்நீர். ஆனால் உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, பாகற்காய்க் கசப்பும் தெரிந்தது. நாக்குக்குத் தெரிவது அந்த நாலைந்துதான், மிச்சமெல்லாம் மூக்கு என்பது அப்போதுதான் உறைத்தது. டீ டேஸ்டர்கள் கரண்டியால் உர்ரென்று சத்தம் போட்டு உறிஞ்சுவதன் ரகசியமும் அதுதான். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறல், இது உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. அப்புறம் அந்த உறிஞ்சல். சாறு தூறலாகச் சிதறி, ஆவி தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கைத் தொட வேண்டும்.

இப்போது ஃப்ளேவர் என்ற சொல்லை எடுங்கள். நான் முப்பது வருடம் தினமும் சொன்ன சொல். அதன் அடியில் இருப்பது 'ஃப்ளாரே', ஊதுதல், வீசுதல். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அது வாசத்தைத்தான் குறித்தது. நடுவில் இருக்கிற 'வ' ஓசை, ருசியைக் குறிக்கும் சேவர் என்ற சொல்லைப் பார்த்து ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். அந்த சேவர்தான் 'சபெரே'யின் வாரிசு. ஆக ஃப்ளேவர் என்பது வீசுகிற காற்று. மூக்கு போனவனுக்கு இது அகராதிச் செய்தி இல்லை, தினசரி அனுபவம்.

வாசனையை மீட்க ஒரு பயிற்சி உண்டு. ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்டது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். நாலையும் காலையும் மாலையும் முகர வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. நீலகிரித் தைலத்துக்கு நான் எங்கே போக? ஊட்டி போகிற வழியெல்லாம் அந்த மரம்தானே.

கிராம்பைப் பற்றி ஒரு கிளைக்கதை. க்ளோவ் என்ற பெயர் 'க்ளாவுஸ்', ஆணி, என்பதிலிருந்து. பார்த்தால் ஆணிதான். கிராம்பு சேருகிற பெரிய வகுப்புக்குப் பெயர் ஸ்பைஸ். அது 'ஸ்பீஷீஸ்' என்ற சொல் மாறியது. ஸ்பீஷீஸ் என்றால் முதலில் தோற்றம், 'ஸ்பெக்கெரே', உற்றுப் பார்த்தல், என்பதிலிருந்து. தோற்றம் வகையாகி, வகை வகையான வியாபாரப் பொருளாகி, கடைசியில் மசாலாவில் நின்றது. நாட்டு மருந்துக் கடையில் 'சரக்கு' என்று நாம் சொல்கிற மாதிரி. மூக்குக்காகவே கப்பலேறி வந்து தேடிய பொருளுக்குக் கண்ணிலிருந்து ஒரு பெயர்!

பெர்ஃப்யூம் நேர்மையான சொல். 'பெர்' ஊடாக, 'ஃபூமுஸ்' புகை. சாம்பிராணிதான்.

புகை என்றதும் ஒரு பழைய மானக்கேடு. 1998-இல் டிரையரின் சூட்டுக் குழாயில் ஓட்டை. புகை தூளில் இறங்கிவிட்டது. எனக்கு அன்று கடும் ஜலதோஷம், மூக்கு அடைப்பு. யாரிடமும் சொல்லாமல் வீராப்பாக ஒரு நாள் உற்பத்தியை மூட்டை கட்டினேன். ஏலத்துக்கு முன் வந்த அறிக்கையில் ஒரே ஒரு சொல்: ஸ்மோக்கி. தப்பு என்னுடையதுதான். லத்தீனில் 'சாகாக்ஸ்' என்றால் மோப்பத்தில் கூர்மையானது, நாய்க்குச் சொல்வது. அதிலிருந்து வந்த சகேஷியஸ் ஆங்கிலத்தில் விவேகியைக் குறிக்கிறது. அன்று நான் விவேகியும் இல்லை, நாயும் இல்லை.

நவம்பர் 9, இரவு 8.45

சின்னது. 'சபெரே'க்குச் சுவைப்பது, விவேகமாக இருப்பது இரண்டும் பொருள். 1758-இல் லின்னேயஸ் மனிதனுக்கு வைத்த ஹோமோ சேப்பியன்ஸ் என்ற பெயரில் உட்கார்ந்திருப்பது அந்தச் சொல்தான். ருசி தெரிந்த மனிதன். அதே வேரிலிருந்து முனிவரைக் குறிக்கும் சேஜ். பேரனின் ஆங்கிலப் புத்தகத்தில் அகத்தியருக்கு முன்னால் சேஜ் என்று போட்டிருக்கிறது. வாதாபியை ஜீரணித்தவருக்குப் பொருத்தம்தான்.

சேஜ் என்று ஒரு மூலிகையும் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது 'சால்வியா' என்பதன் சுருக்கம், ஆரோக்கியம் என்ற பொருளிலிருந்து. ஊட்டி பூங்காவில் சிவப்பாகப் பாத்தி கட்டி நிற்கிற சால்வியா அதன் ஒன்றுவிட்ட தங்கை.

நவம்பர் 11, மாலை 5.00

தொடுதல். லத்தீனில் 'தங்கெரே'. கான்டாக்ட், டாக்ட், டேஞ்சிபிள், டச் எல்லாம் இதில்தான்.

டேஸ்ட் என்ற சொல்லும் இங்கே வந்து சேருகிறது. அது ஆங்கிலத்துக்கு வந்தபோது தொட்டுப் பார்ப்பதையும் குறித்தது. இன்றும் ஜெர்மன்காரர்களுக்கு டாஸ்டே என்றால் விரலால் அழுத்துகிற பொத்தான், பியானோக் கட்டை. நாக்கு எப்படி விரலிடமிருந்து சொல்லை வாங்கிக்கொண்டது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரி, 'இட்லிக்குத் தொட்டுக்க என்ன வேணும்?' என்றாள். அகராதியை மூடிவிட்டேன்.

இன்னொன்று, இது சிரிப்பு இல்லை. 'தங்கெரே'க்கு முன்னால் மறுப்பு ஒட்டு சேர்ந்தால் இன்டாக்ட்: தீண்டப்படாதது, அதனால் சேதமில்லாதது, முழுசானது. கணக்கில் முழு எண்ணைக் குறிக்கும் இன்டீஜர் அதே கட்டுமானம். நம்மூரிலும் தீண்டலுக்கு மறுப்பு சேர்த்து ஒரு சொல் செய்தோம். அதை ஒழிக்க அரசியல் சட்டத்தில் 17-ஆவது பிரிவு எழுத வேண்டியிருந்தது. அங்கே தீண்டாததால் முழுசு. இங்கே தீண்டாமல் ஆளையே குறைத்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது டீக்கடையில் தனி டம்ளரைப் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

நவம்பர் 12, காலை 6.50

திருத்தம். டச் என்பதை 'தங்கெரே'யில் சேர்த்தது தப்பு. அது பேச்சு லத்தீனில் 'தொக்காரே', தட்டுவது, மணியடிப்பது. டொக் டொக் என்ற ஓசையிலிருந்தே பிறந்தது என்கிறார்கள். போன வாரம் சப்பில் வழுக்கியவன் இந்த வாரம் டச்சில் வழுக்கினான். மற்றவை சரி.

நவம்பர் 14, இரவு 9.00

கொடைக்கானல் நண்பர், 'கண்ணின் நல்ல பக்கத்தையே சொல்கிறீர்கள், கெட்ட பக்கம் கிடையாதா' என்கிறார். உண்டு. என்வி, பொறாமை. லத்தீனில் 'இன்விடியா'. 'விடேரே'யோடு 'இன்' சேர்ந்தது. ஒருவரைத் தீய கண்ணால் பார்ப்பது. நாம் சொல்லும் கண்ணேறு, திருஷ்டி இரண்டும் ஒரே சொல்லில். ரோமாபுரியிலும் கண்பட்டது, அவர்களும் பிள்ளைகளுக்குத் தாயத்து கட்டினார்கள். எங்கள் ஃபேக்டரி வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கும். மலையில் ஈரம் அதிகம், மாசத்துக்கு ஒருமுறை அழுகி யார் தலையிலாவது விழும். யார் கண் பட்டதோ என்போம்.

அப்படியே ஆஸ்பிஷியஸ். 'அவிஸ்' பறவை, 'ஸ்பெக்கெரே' பார்த்தல். பறவையைப் பார்த்துச் சகுனம் சொன்னவர்கள் ரோமர்கள். நம் பழந்தமிழில் புள் என்றாலே பறவை. புள் என்றாலே சகுனமும். அவர்களுக்கு இரண்டு சொல்லை ஒட்டவேண்டியிருந்தது, நமக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. கல்யாணப் பத்திரிகைகளில் 'சுபமுகூர்த்தம்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஆஸ்பிஷியஸ் என்று அடிக்கிறோமே, அதில் ஒரு காக்கா உட்கார்ந்திருக்கிறது.

நவம்பர் 16, பிற்பகல் 1.40

மின்சாரம் காலையில் போனது, இப்போதுதான் வந்தது. போனில் சார்ஜ் ஏறியவரை எழுதுகிறேன்.

டிசெர்ன் என்ற சொல்லை விட்டுவிட்டேன். பகுத்தறிவது. அடியில் 'கெர்னெரே', சலிப்பது. தூள் காய்ந்து வந்ததும் ஃபேக்டரியில் கடைசி வேலை சலிப்புதான். வலை மேல் வலையாக ஆட்டி, பெரிசு ஒரு பக்கம், டஸ்ட் ஒரு பக்கம். நிச்சயத்தைக் குறிக்கும் செர்ட்டன் அதே வேர்: சலித்தபின் மிஞ்சியது. ரகசியத்தைக் குறிக்கும் சீக்ரெட்டும்: பிரித்துத் தனியே வைத்தது. இதில் கண்ணும் இல்லை, காதும் இல்லை, இரண்டு கையும் ஒரு சல்லடையும்தான். உணர்வதைக் குறிக்கும் பெர்சீவ்கூடக் கைதான். 'கபெரே' என்றால் பிடிப்பது. எனக்குப் பிடிபடவில்லை என்கிறோமே, அதே பிடி.

முதல் நாள் போட்ட கட்சிக்கு வருகிறேன். ஆங்கிலத்துக்குக் கண், தமிழுக்குக் காது என்றேன் அல்லவா? லத்தீனில் நாக்கு, மூக்கு, விரல், சல்லடை எல்லாம் வந்து ஒரு பக்கத்தை உடைத்துவிட்டன. தமிழ்ப் பக்கத்தை உடைத்தது எங்கள் வீட்டு அடுப்படி. இன்று மதியம் ரசம் கொதிக்கும்போது கரண்டியை நீட்டி, 'உப்பு பாருங்க' என்றாள். நாற்பது வருடமாகச் சொல்கிறாள். இன்றுதான் காதில் விழுந்தது. உப்பை எங்கே பார்ப்பது? நாக்கில் விட்டுத்தானே சொல்ல வேண்டும்? தின்று பார், மோந்து பார், தொட்டுப் பார், கேட்டுப் பார். ஐந்து புலனுக்கும் கடைசியில் ஒரு கண்ணை வால் மாதிரி ஒட்டிவைத்திருக்கிறோம். எந்தப் புலனால் சோதித்தாலும் அது பார்ப்பதுதான். தமிழனைக் காதுக்காரன் என்று எந்த முகத்தோடு எழுதினேன்?

2021-இல் மூக்கு இல்லாத நாட்களிலும் அவள் தினமும் என்னைத்தான் உப்புப் பார்க்கச் சொன்னாள். எனக்கு உப்பு மட்டும் தெரிகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

(ரசத்தில் உப்பு கம்மி.)

நவம்பர் 17, இரவு 10.30

'நாற்றம் பற்றி ஒரு வரிகூட இல்லையே' என்று இரண்டு பேர். சரி. பழைய தமிழில் நாற்றம் நல்ல வாசம். குறளில் ஐம்புலனை அடுக்கும்போதும் மூக்குக்குரியது நாற்றம்தான். இன்று யாரிடமாவது 'உங்கள் பூ நாறுகிறது' என்று சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஸ்டிங்க் அதே மாதிரி கீழே இறங்கியது; முன்பு அது வெறும் வாசம். இறங்கிய இடத்தை நிரப்ப அவர்கள் லத்தீனில் போய் ஓடர், சென்ட் என்று எடுத்தார்கள். நாம் வாசனை என்று வடமொழியில் எடுத்தோம். சென்ட் என்பது 'சென்தீரே', உணர்தல். அதில் நடுவே ஒரு 'சி' எழுத்து 17-ஆம் நூற்றாண்டில் யாரோ காரணமில்லாமல் சொருகியது. பேரன் அதைத்தான் தினமும் தப்பாக எழுதுகிறான். தப்பு அவன்மேல் இல்லை.

நவம்பர் 18, காலை 9.15

மழை விட்டது. பேரன் வேலியோரம் படர்ந்திருக்கிற ஆரஞ்சுப் பூவைப் பறித்துக்கொண்டு வந்து, 'தாத்தா, நாஸ்டர்ஷியத்துக்கு என்ன வேர்?' என்றான். 'நாசுஸ்' மூக்கு, 'தொர்க்கேரே' முறுக்குதல், மூக்கைத் திருகுவது. காரத்தால் வந்த பெயர் என்று ரோமாபுரியின் பழைய எழுத்தாளர் பிளினியே எழுதியிருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

அப்புறம்தான் பார்த்தேன். பிளினி சொன்னது வேறு செடி, கடுகு இனத்துக் கீரை. நம் வேலியில் இருப்பது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, ரோமர்கள் கண்ணாலேயே கண்டிருக்க முடியாது. காரம் ஒரே மாதிரி இருந்ததால் பழைய பெயரை இதன் தலையில் கட்டிவிட்டார்கள். தாவரவியலில் இதற்குப் பெயர் ட்ரோப்பியோலம்.

திருத்தம் சொல்லலாம் என்று வெளியே போனால், அவன் ஓர் இலையை ஏற்கெனவே மென்றுவிட்டான். மூக்கு நன்றாகவே திருகியிருந்தது. விட்டுவிட்டேன்.